பச்சைப் பொத்தானுக்கும் கைக்கும் இடையில்: உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் தொலைவியக்கத்தின் வரலாறு

ஓர் ஊரில் அமர்ந்துகொண்டு வேறோர் ஊரிலுள்ள மேசைக் கணினிக்குள் நுழைந்து, அதன் திரையைத் தன் திரையில் பார்த்தபடியே அதன் சுட்டியை நகர்த்தி வேலை செய்வதைத் தொலைவியக்கம் எனலாம். உடுமலைப்பேட்டையில் இன்று இது யாருக்கும் புதுமையன்று. திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணக்கை இங்குள்ள மாடியறை ஒன்றிலிருந்தே முடித்துக் கொடுக்கும் கணக்கர் முதல், காற்றாலையின் அன்றைய உற்பத்தியை அலுவலகத் திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளும் பொறியாளர் வரை பலருக்கு அது அன்றாட வேலை. ஆனால் இந்த வட்டாரத்துக்குத் தொலைவியக்கத்தைக் கற்றுத் தந்தது கணினி அன்று. அது கிணற்று மோட்டார் வழியாக வந்து, காற்றாலை வழியாகக் கணினிக்குள் புகுந்து, கடைசியில்தான் அலுவலக மேசைக்கு ஏறியது. இந்த மூன்று பொறிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: நின்றுபோன பொறி மறுபடியும் ஓட வேண்டுமானால் அதன் அருகில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். பொறியைச் செய்தவர்கள் அந்த விதியைத் தெரிந்தே வைத்தார்கள், பயன்படுத்தியவர்கள் தெரிந்தே தளர்த்தினார்கள் என்பதும், வட்டாரத்தின் தொலைவியக்க வரலாறு பெரும்பாலும் இந்த இழுபறியின் வரலாறே என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

உடுமலை, குடிமங்கலம், மடத்துக்குளம் பகுதிகளில் நிலத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம். மழையை நம்பிய மேட்டு நிலம் காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவக் காலத்தில் இங்கு மழையைவிடக் காற்றே மிகுதி. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் அந்தக் காற்று வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை மேட்டுக் காடுகளின் மேல் ஓயாமல் வீசும். அமராவதி அணையும், பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் திருமூர்த்தி அணை வழியே வந்த வாய்க்கால்களும் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதிக்கு உரியவை. அதற்கு முன்னும், பெரும்பகுதியில் அதற்குப் பின்னும், தோட்டத்தைக் காத்தது கிணறுதான். கிணற்றிலிருந்து நீர் இறைக்கக் கவலை இருந்தது: மாடுகள் சரிவான வாரியில் இறங்கி நடக்க, வடக்கயிற்றில் கட்டிய சால் மேலேறி, அதன் அடியில் தைத்த தோல் தும்பி வழியாக நீரைக் கொட்டும். கவலை ஓட்டுபவர் மாடுகள் இறங்கும்போது கயிற்றின் மேல் அமர்ந்து தன் உடல் எடையையும் அவற்றுக்குத் துணையாகக் கொடுப்பார். மனிதனும் பொறியும் இதைவிட நெருங்கி நின்றதில்லை. ஓட்டுபவர் எழுந்து போனால் இறைப்பு அந்த நொடியே நின்றுவிடும்.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியபோது அதன் மின்சாரம் முதலில் கோவையின் நூற்பாலைகளைத் தேடிச் சென்றது. ஆலைகளுக்கு அடுத்த நுகர்வோராகக் கிணறுகள் வந்தன. கோவை வார்ப்பட ஆலைகள் அதுவரை செய்துவந்த கரும்பாலைகளோடும் ஆலை உதிரிப் பொருள்களோடும் பம்புகளையும் செய்யத் தொடங்கின; இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் என்று கோவையில் போற்றப்படும் மோட்டார் 1937இல் ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் உருவானது. அடுத்த சில பத்தாண்டுகளில் மோட்டார்க் கிணறு கொங்கு நாட்டின் அடையாளமாகவே ஆயிற்று. கவலை மாடுகள் விற்கப்பட்டன, வாரிகள் மண்மூடின, கிணற்றோரம் ஓட்டு வில்லை வேய்ந்த மோட்டார் அறை எழுந்தது.

அந்த அறைக்குள் சுவரில் மாட்டியிருந்த ஸ்டார்ட்டர் பெட்டியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் வித்து அதனுள் இருக்கிறது. பெட்டியின் முகப்பில் பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்புப் பொத்தான் ஒன்று. பச்சையை அழுத்தினால் உள்ளே உள்ள தொடுமுனைகள் சேர்ந்து மூன்று கம்பிகளின் மின்சாரமும் மோட்டாருக்குப் போகும்; கையை எடுத்த பிறகும் அந்த முனைகள் பிரியாமல் பிடித்துவைப்பது ஒரு செம்புக் கம்பிச் சுருள். அதற்கு நோ-வோல்ட் காயில் என்று பெயர். மின்சாரம் நின்றால் சுருள் தன் காந்த விசையை இழக்கும். முனைகள் 'டக்' என்று பிரியும். மின்சாரம் திரும்ப வந்தாலும் அவை தாமாகச் சேரா. அதாவது, மின்தடைக்குப் பிறகு மோட்டார் ஓட வேண்டுமானால் ஒருவர் வந்து பச்சையை அழுத்தியே ஆக வேண்டும். மோட்டாரில் கைவைத்து ஒருவர் பழுது பார்த்துக்கொண்டிருக்கும்போது அது திடீரென்று சுழன்றுவிடக் கூடாது என்பதற்காகவே பொறியாளர்கள் இந்த மறதியை அந்தப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

மின்சாரம் இடைவிடாமல் வரும் ஊரில் இந்த ஏற்பாடு யாருக்கும் தொல்லை தராது. கொங்கு நாட்டில் அது தொல்லையானதற்குக் காரணம் மின்சாரத்தின் அரசியல். 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்த உழவர் போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூவர் உயிரிழந்தனர். 1972இல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் உழவர்கள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்தினார்கள். 1984இல் சிறு உழவர்களுக்கும் 1990இல் உழவர் அனைவருக்கும் பாசன மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது. விலை இல்லாமற்போன பொருளை வேறு வழியில்தான் அளந்து கொடுக்க முடியும். மின்வாரியம் நேரத்தால் அளந்தது. பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என மும்முனை மின்சாரம் முறை வைத்து வழங்கப்பட்டது. ஊர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவுக்கு முற்பகல் என்றால் இன்னொன்றுக்குப் பிற்பகல். எஞ்சிய நேரத்தில் துணைமின் நிலையத்தில் மூன்று பேஸ்களுள் ஒன்றை விலக்கிவிட்டால் வீட்டு விளக்கு எரியும், கிணற்று மோட்டார் ஓடாது. வாய்க்கால் நீரும் நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்து விடப்படும் ஆயக்கட்டில், மின்சாரத்துக்கும் முறை வந்தது உழவருக்குப் பெரிய புதிராக இருந்திருக்காது. தொல்லை அது வந்த நேரத்தில்தான். இரவு முறையில் மின்சாரம் பன்னிரண்டு மணிக்கு வரலாம், இரண்டு மணிக்கும் வரலாம். சாளையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவர் எழுந்து, டார்ச் விளக்கோடு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்து, மோட்டார் அறையில் பச்சையை அழுத்தும்போது மின்சாரம் மறுபடியும் போய்விட்டிருக்கும்.

இதற்கு வட்டாரம் கண்ட விடை ஆட்டோ சுவிட்ச். ஸ்டார்ட்டரின் பக்கத்தில் மாட்டப்படும் இந்தச் சிறு பெட்டி, மூன்று பேஸும் வந்துவிட்டனவா என்று பார்த்து, வந்திருந்தால் பச்சைப் பொத்தானைத் தானே அழுத்திய விளைவை உண்டாக்கும். நோ-வோல்ட் காயில் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஆளின் இடத்தில் ஒரு ரிலே உட்கார்ந்தது என்று சொல்லலாம். ஆட்டோவில் போட்டுவிட்டு உழவர் தூங்கலாம். ஆனால் இதன் மறுபக்கம் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஆட்டோ சுவிட்ச் பரவிய பிறகு, பல கல் தொலைவில் உள்ள துணைமின் நிலையத்தில் ஒரு பணியாளர் ஒரு விசையைத் திருப்பியதும் அந்தப் பாதையில் உள்ள கிணறுகளில் மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கின. கணினியோ தொலைபேசியோ இல்லாமல், இழுத்த மின்கம்பியையே செய்தித் தடமாகக் கொண்டு நடந்த இந்த இயக்கத்தை உடுமலை வட்டாரத்தின் முதல் தொலைவியக்க அமைப்பு என்று கொள்வதில் தவறில்லை. அதைத் திட்டமிட்டு அமைத்தவர் எவரும் இல்லை. ஒருபக்கம் வாரியத்தின் முறையும் மறுபக்கம் உழவரின் தூக்கமும் சேர்ந்து அது தானாக அமைந்தது.

தானாக அமைந்ததால் அதன் கேடுகளும் தானாகவே வந்தன. மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். நூறு மோட்டார்கள் ஒன்றாக எழுந்தால் பாதையின் மின்னழுத்தம் சரிந்து, எதுவும் முழு வேகம் பிடிக்காமல் உறுமிக்கொண்டே சூடேறும். காயில் எரிந்த மோட்டார்கள் உடுமலைச் சந்துகளில் உள்ள ரீவைண்டிங் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. இதைத் தவிர்க்க, மின்சாரம் வந்த பின் சில நிமிடம் பொறுத்து எழுப்பும் டைமரும், ஒரு பேஸ் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டரும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்திலும் கண்டென்சர் வைத்து மோட்டாரை ஓட்டிப் பார்த்த துணிச்சல்காரர்களும் இருந்தார்கள். மின்வாரியம் அதைத் தடுக்க முயன்றது, முழுவதும் தடுக்க முடியவில்லை.

மோட்டாரைத் தனியே விட்டுவிட முடிந்ததற்கு இன்னொரு காரணம் பூமிக்கு அடியில் இருந்தது. பழைய பம்பு கிணற்றுக்குள் நீர்மட்டத்துக்கு மேலே படியிலோ விட்டத்திலோ உட்கார்ந்து நீரை உறிஞ்சும். உறிஞ்சுகுழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு சற்றே கசிந்தாலும் குழாய் காலியாகிவிடும், பிறகு குடத்தால் நீர் ஊற்றி நிரப்பாமல் பம்பு பிடிக்காது. அத்தகைய பம்பை ஆளில்லாமல் எழுப்பினால் அது வெறுமனே சுழன்று கெடும். நீர்மட்டம் இறங்கி ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, நீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் சப்மெர்சிபிள் மோட்டார்கள் வந்தபோதுதான் நீர் ஊற்றும் ஆளும் தேவையற்றவர் ஆனார். நிலத்தடி நீர் வற்றியது தொலைவியக்கத்துக்கு உதவியது என்பது வரலாற்றின் கசப்பான நகைச்சுவைகளுள் ஒன்று.

உலகின் மற்றப் பகுதிகளில் இதே எண்ணம் வேறு வழியில் வளர்ந்துகொண்டிருந்தது. 1940 செப்டம்பர் 11 அன்று ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்ற கணித அறிஞர் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஒரு தொலையச்சுப் பொறியில் கணக்குகளை அடித்து அனுப்ப, சுமார் 400 கிலோமீட்டருக்கு அப்பால் நியூயார்க்கில் இருந்த ரிலேக் கணிப்பொறி அவற்றுக்கு விடை திருப்பி அனுப்பியது. தொலைவிலிருந்து இயக்கிய முதல் கணிப்பொறி அதுவே என்று கொள்கிறார்கள். அதன் ரிலேக்களும் நம் ஆட்டோ சுவிட்சுக்குள் இருந்த ரிலேயும் ஓரினத்தவை. கணினிகளை இணைக்கும் வலையமைப்பு 1969இல் தொடங்கியபோது முதலில் எழுதப்பட்ட நிரல்களுள் ஒன்று, ஓரிடத்தில் இருந்துகொண்டு இன்னோர் இடத்துக் கணினிக்குள் நுழைவதற்கான டெல்நெட். இவையெல்லாம் எழுத்துகளை மட்டும் அனுப்பின. திரையையே அனுப்பும் கலை கேம்பிரிட்ஜில் முதிர்ந்தது; அதற்கு முன்னோடியாக அங்கே நடந்த ஒரு விளையாட்டு உடுமலை உழவருக்கு நன்றாகப் புரியும். 1991இல் அப்பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் பல மாடிகளுக்குப் பொதுவாக ஒரே காபிப் பாத்திரம் இருந்தது. படியிறங்கி வந்து பார்த்தால் அது காலியாக இருக்கும். வீண் நடையைத் தவிர்க்க ஆய்வாளர்கள் அதன் எதிரில் ஒரு கேமராவை வைத்து, அதன் படம் ஒவ்வொருவரின் திரையிலும் தெரியும்படி செய்தார்கள். அந்த நிரலில் பங்கேற்ற குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர் பின்னர் அதே நகரத்தின் ஆலிவெட்டி ஆய்வகத்தில் வி.என்.சி. என்ற தொலைத்திரை மென்பொருளை உருவாக்கிய குழுவிலும் இருந்தார். காலியான பாத்திரத்துக்காகப் படியிறங்கிய நடையும், போய்விட்ட மின்சாரத்துக்காக வரப்பில் போன நடையும் ஒன்றுதான். தொலைவியக்கத்தை உலகில் பல இடங்களிலும் பெற்றெடுத்தது வீண் நடையின் சலிப்பே.

உடுமலை வட்டாரத்தில் கணினி உண்மையாகவே தொலைவிலிருந்து இயங்கத் தொடங்கியது காற்றாலைக் காடுகளில். தமிழ்நாட்டில் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடியருகே முள்ளக்காட்டில் அமைந்தது; 1993க்குள் மின்வாரியம் செயல்விளக்கமாக நிறுவிய 120 காற்றாலைகளின் திறன் 19 மெகாவாட்டைச் சற்றே தாண்டியது, அவற்றுள் ஒரு பண்ணை கணவாய்க் காற்று வீசும் கேத்தனூரில் இருந்தது. தனியார் அதன் பின் பெருகினார்கள். காற்றாலை வாங்கிய ஆண்டிலேயே அதன் முழு விலையையும் தேய்மானமாக வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள 1990களில் வருமான வரிச் சட்டம் இடங்கொடுத்தது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியே தன் ஆலைக்குக் கொண்டுபோகவும் முடிந்தது. எனவே கோவை நூற்பாலைகளும் திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளும் பூளவாடி, குடிமங்கலம் பக்கத்து மேட்டுக் காடுகளில் கோபுரங்களை நட்டன. திரைப்பாடலாசிரியர் உடுமலை நாராயணகவி 1899இல் பிறந்த பூளவாடியில் இன்று எந்தத் திசையில் நோக்கினாலும் அடிவானத்தில் இறக்கைகள் சுழல்கின்றன. ஊர் மக்களுக்கு அவை காத்தாடி.

காற்றாலையின் தனித்தன்மை, அதன் உரிமையாளர் அதன் அருகில் இருப்பதில்லை என்பது. கிணற்றுக்காரர் கிணற்றோரம் குடியிருந்தார். காற்றாலைக்காரர் திருப்பூரிலோ சென்னையிலோ இருந்தார், கோபுரத்தை ஒருமுறை பூசை போட்ட நாளில் பார்த்ததோடு சரி. ஆகவே பொறியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அதை விற்ற நிறுவனமே ஏற்றது. நிறுவனமோ ஐரோப்பாவிலிருந்து வந்த தொழில்நுட்பத்தோடு தொலைக்கண்காணிப்பையும் கொண்டுவந்தது. கோபுரத்தின் அடியில் உள்ள இரும்புக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கட்டுப்பாட்டுக் கணினி இருக்கும். அதன் சிறு திரையில் காற்றின் வேகம், இறக்கையின் சுற்று, கியர் எண்ணெயின் வெப்பம், உற்பத்தி, பிழை ஏற்பட்டிருந்தால் அதன் எண் ஆகியவை ஓடிக்கொண்டிருக்கும். காற்று நொடிக்குச் சுமார் 3 அல்லது 4 மீட்டர் வேகம் பெற்றதும் இறக்கையை விடுவிப்பதும், 25 மீட்டரைத் தாண்டினால் நிறுத்துவதும், காற்று திசை மாறும்போது தலையைத் திருப்புவதும் அந்தக் கணினியின் வேலை. தலை ஒரே பக்கமாகப் பலமுறை திரும்பினால் கோபுரத்துக்குள் தொங்கும் கேபிள்கள் பின்னல்போல முறுக்கிக்கொள்ளும். கணினி சுற்றுகளை எண்ணிவைத்து, அளவு மீறியதும் இறக்கையை நிறுத்தி, தலையை எதிர்ப்பக்கம் சுழற்றி முறுக்கை அவிழ்த்துவிட்டு மறுபடி ஓடவிடும். கயிற்று முறுக்கை அவிழ்ப்பது கவலைக்காரருக்கும் தெரிந்த வேலைதான்.

தொடக்கக் காலத்தில் காற்றாலை ஒரு பிழை காட்டி நின்றால், பணியாளர் இருசக்கர வண்டியில் காட்டுப் பாதையில் சென்று கதவைத் திறந்து, பிழையெண்ணைக் குறித்துக்கொண்டு, ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த கோபுரத்துக்குப் போவார். காற்றுப் பருவத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் இழப்பு உரிமையாளருக்கு. மின்கட்டமைப்பில் சிறு நடுக்கம் ஏற்பட்டால் ஒரே நொடியில் ஐம்பது காற்றாலைகள் நின்றுவிடும், ஐம்பதுக்கும் ஒருவரே ஓட வேண்டும். ஒவ்வொரு கோபுரத்தையும் ஒளியிழைக் கம்பியால் பண்ணை அலுவலகத்துடன் இணைத்து, அங்குள்ள மேசைக் கணினியிலிருந்து ரீசெட் செய்யும் முறை வந்ததும் அந்த ஓட்டம் குறைந்தது. அந்த மேசைக் கணினியை வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ உள்ள மையத்திலிருந்து பார்க்கும் முறையும் தொடர்ந்தது. ஸ்காடா என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்: பரந்து கிடக்கும் பொறிகளின் அளவீடுகளை ஓரிடத்தில் திரட்டி, அங்கிருந்தே அவற்றுக்குக் கட்டளை அனுப்பும் அமைப்பு.

எல்லாப் பிழையையும் தொலைவிலிருந்து விலக்க முடியாது என்பது இங்கே முக்கியம். இறக்கை அளவுக்கு மீறிச் சுழன்றது, கோபுரம் கடுமையாக அதிர்ந்தது, அவசர நிறுத்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பன போன்ற நிறுத்தங்களைத் திரையிலிருந்து விலக்க வழிவைப்பதில்லை. ஓர் ஆள் நேரில் போய்ப் பார்த்து, அங்கேயே பொத்தானை அழுத்த வேண்டும். நோ-வோல்ட் காயில் கேட்ட அதே ஆள். ஆனால் கிணற்று மோட்டாரில் அந்த ஆளை நீக்கியது உழவரின் விருப்பம். காற்றாலையில் அவரை விடாமல் வைத்திருப்பது பொறியின் விலை. கோடிக்கணக்கில் விலை பெறும் பொறிக்கு ஒருவரை வண்டியில் அனுப்புவது செலவே அன்று.

கட்டளை அனுப்புபவர் யார் என்ற கேள்வியும் காற்றாலையோடு எழுந்தது. மின்தேவை குறைந்த நள்ளிரவில் காற்று பலமாக வீசினால் கட்டமைப்பு அதைத் தாங்காது என்று சென்னையிலுள்ள மாநில மின்பளு மையம் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும். அந்தச் சொல் தொலைபேசி வழியாகத் துணைமின் நிலையத்துக்கு வந்து, அங்கே ஒரு விசை திறக்கப்பட, பல காற்றாலைகள் ஒருசேர உற்பத்தியை இழக்கும். காற்று வீசும்போது நிறுத்திவைக்கப்படுவது உற்பத்தியாளர்களின் நீண்டகால மனக்குறை. 2020இல் சென்னையில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கெனத் தனி மேலாண்மை மையம் ஏற்பட்டதும், காற்றின் முன்கணிப்பும் உற்பத்தி அளவீடும் கணினி வழியே அங்கே போய்ச் சேரத் தொடங்கின. உடுமலையருகே 400 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தை வைத்திருக்கும் பவர்கிரிட் நிறுவனமோ, நாடெங்கும் உள்ள தன் நிலையங்கள் பலவற்றை அரியானாவின் மானேசரில் 2015இல் தொடங்கிய மையத்திலிருந்து இயக்குகிறது. இந்த இணைப்புகள் அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2022 பிப்ரவரி 24 காட்டியது: உக்ரைன் போர் தொடங்கிய அன்று ஒரு செயற்கைக்கோள் சேவை தாக்குதலுக்கு உள்ளானதால் நடு ஐரோப்பாவில் சுமார் 5,800 காற்றாலைகளின் தொலைக்கண்காணிப்பு அறுந்துபோனது. அவை நின்றுவிடவில்லை, கோபுரத்தடியில் இருந்த கணினி தன் அறிவிலேயே அவற்றைச் சுழலவிட்டுக்கொண்டிருந்தது.

அலுவலக மேசைக் கணினியின் கதை இவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. திரையில் எந்தப் பகுதி மாறியதோ அந்தக் கட்டத்தை மட்டும் அனுப்பி, மறுமுனையின் சுட்டி அசைவைப் பெற்றுக்கொள்ளும் உத்தி வி.என்.சி.யோடு 1990களின் இறுதியில் பரவியது. விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் தொலைத்திரை வசதியை உள்ளடக்கியே வந்தது. ஆனால் சிறு அலுவலகத்துக் கணினி இணையத்தில் நேரடி முகவரி இன்றி ஒரு மோடத்தின் பின்னால் மறைந்திருப்பதால் வெளியிலிருந்து அதைத் தட்டி எழுப்ப முடியாது. ஜெர்மனியில் 2005இல் தோன்றிய டீம்வியூவர், 2014இல் தோன்றிய எனிடெஸ்க் போன்றவை இதற்கு ஓர் எளிய வழி கண்டன: இரு கணினிகளும் நடுவில் உள்ள ஒரு சேவைக்கணினியைத் தாமே அழைத்துத் தம் எண்ணைப் பதிந்து வைக்கும், அந்த எண்ணைச் சொன்னால் நடுவர் இருவரையும் சேர்த்துவைப்பார். வலையமைப்பைப் பற்றி எதுவும் அறியாதவரும் எண்ணைத் தொலைபேசியில் படித்துக் காட்ட முடிந்ததால் இவை சிற்றூர்களுக்கும் வந்தன. 2017 சூலை 1 அன்று சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் உடுமலையில் இதற்குத் தேவையும் கூடியது. நிறுவனத்தின் கணக்கு முழுவதும் டாலி மென்பொருளில் ஒரே மேசைக் கணினிக்குள் இருக்கிறது, படிவம் தாக்கல் செய்யும் நாளோ மாதந்தோறும் வந்துவிடுகிறது, கணக்கரோ வேறு ஊரில் இருக்கிறார். 2020இன் பொதுமுடக்கம் எஞ்சியவர்களுக்கும் இதைப் பழக்கியது.

இந்த மென்பொருள்களிலும் பச்சைப் பொத்தான் ஒன்று உண்டு. யாராவது உள்ளே வர முயன்றால் 'ஏற்கலாமா' என்று கணினி கேட்கும். எதிரில் அமர்ந்திருப்பவர் ஆம் என்றால்தான் கதவு திறக்கும். அந்த ஆள் இல்லாத இரவிலும் கதவு திறக்க வேண்டும் என்று விரும்புவோர் நிரந்தரக் கடவுச்சொல் ஒன்றை வைத்துவிடுகிறார்கள்; அது ஆட்டோ சுவிட்சின் உடன்பிறப்பு. அதன் காயில் எரியும் விதம் மட்டும் வேறு. வங்கி ஊழியர்போலப் பேசி எனிடெஸ்கை இறக்கச் சொல்லி, அந்த எண்ணைப் பெற்றுக் கணக்கிலிருந்து பணம் எடுப்பவர்கள் பெருகியதால் 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பினாலும் மேசைக் கணினி தானாக எழுவதில்லை. கணக்கர் தொலைவிலிருந்து எத்தனை முறை அழைத்தாலும் பயனில்லை, ஒருவர் கடையைத் திறந்து பொத்தானை அழுத்தியாக வேண்டும். கணினியின் அடிப்படை அமைப்புக்குள் நுழைந்து, மின்சாரம் வந்ததும் தானே எழும்படி மாற்றிவைக்க ஒரு வழி இருக்கிறது. கணினி பழுது பார்ப்பவர் அதை அமைத்துக் கொடுக்கும்போது, அவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, மோட்டார் அறையில் ஆட்டோ சுவிட்ச் மாட்டிய பழைய எலக்ட்ரீசியனின் வேலையையே செய்கிறார்.

கிணற்றுக்குக் கைபேசி வந்தது இதற்கிடையில் நடந்தது. ஆட்டோ சுவிட்ச் மோட்டாரை எழுப்பும், ஆனால் எழுந்ததா என்று சொல்லாது. மழை பெய்தால் நிறுத்தவும் செய்யாது. புனேயில் சந்தோஷ் ஓஸ்ட்வால் நானோ கணேஷ் என்ற பெயரில் உருவாக்கிய கருவி, கைபேசியிலிருந்து பம்பை இயக்கும் முறையை நாடறியச் செய்தது. கோவையின் மின்சாதன நிறுவனங்களும் மொபைல் ஸ்டார்ட்டர்களைச் செய்து குவித்தன. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் அட்டை குடியேறியது. அதன் எண்ணை அழைத்தால் மணியடித்துத் துண்டிக்கும், மோட்டார் ஓடத் தொடங்கும்; பிறகு கருவியே திரும்ப அழைத்து மோட்டார் ஓடுகிறது, கரண்ட் இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை என்று தமிழில் பதிந்த குரலில் சொல்லும். தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையும் 2020களின் தொடக்கத்தில் இக்கருவிக்கு மானியம் அறிவித்தது. பதிந்து வைத்த எண்களிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே கருவி பணியும். யார் எண்ணைப் பதிவது, அண்ணன் தம்பி பங்குக் கிணற்றில் இருவர் எண்ணையுமா என்பது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டிய பொருளாயிற்று. பங்காளிகள் நாள் முறை வைத்து இறைத்த கிணற்றில், முறை இல்லாத நாளில் ஒருவர் கைபேசியால் மோட்டாரை எடுத்துவிட்டால் கிணற்றோரம் சாட்சி சொல்ல ஆள் இல்லை.

கருவிக்குள் இருந்த சிம்முக்குப் பேச வேண்டிய தேவை அதிகம் இல்லை, அழைப்பைப் பெற்றால் போதும் என்பதால் உழவர்கள் பல ஆண்டுகள் அதற்குக் காசு போடாமலே வைத்திருந்தார்கள். 2018இன் இறுதியில் கைபேசி நிறுவனங்கள், மாதந்தோறும் குறைந்தது 35 ரூபாய்க்காவது ரீசார்ஜ் செய்யாத எண்ணுக்கு உள்வரும் அழைப்பையும் நிறுத்தத் தொடங்கின. 4ஜி மட்டும் தரும் நிறுவனத்தின் மலிவான சிம்மோ பழைய 2ஜி கருவியில் வேலை செய்யாது. எனவே வீட்டில் உள்ளவர்களின் எண்களோடு மோட்டாரின் எண்ணுக்கும் கணக்கு வைத்து ரீசார்ஜ் செய்ய வேண்டியதாயிற்று. தேதி தவறிவிட்டால், அன்றிரவு அழைத்துப் பார்த்துவிட்டு, ஆணியில் மாட்டிய டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்க வேண்டியதுதான்.